அனுமதி கேட்கும் பெட்டி

ஜூலை 29

ஆவணி முகூர்த்தத்துக்கு இன்னும் மூன்று வாரம்கூட இல்லை. அருப்புக்கோட்டையே, பத்திரிகை அடித்துத் தரும் என் முன்னறையில்தான் நிற்கிறது. தாய்மாமன் பெயர் விட்டுப்போனது, பெண்ணின் படிப்புக்குப் பக்கத்தில் புள்ளி விழவில்லை என்று ஒருவர் மாற்றி ஒருவர். கல்யாணப் பத்திரிகையை ஒருமுறைகூட முழுதாகப் படிக்காதவர்கள், அச்சுக்குப் போகும் அன்று மட்டும் புலவர் ஆகிவிடுவார்கள்.

நடுவில் அச்சகத்து நயினார் ஒரு கோயில் கொடை விழா மலரை பி.டி.எஃப். ஆக அனுப்பி, "தனுஷ்கோடி, இதுல திருத்தம் போட்டுக் குடுத்துரு" என்கிறார். அதில் எப்படித் திருத்துவது? முழுவதையும் மறுபடி அடிக்க வேண்டும். நல்லவேளையாக, அதை மாற்றித் தரும் மென்பொருள் ஒன்று இணையத்தில் இலவசமாகக் கிடைத்தது. அடுத்து, அடுத்து, அடுத்து என்று அமுக்கினேன், ஏறிவிட்டது. மதியத்துக்குள் வேலை முடிந்தது.

என் வீட்டுக்காரி இந்திராணி இட்லிக் கொப்பரையை இறக்கும்போது நழுவவிட்டாள். நல்லவேளை, காலில் படவில்லை. "ரெண்டு கையாலயும் பிடிக்க வேண்டியதுதானே" என்றேன். "பிடிச்சுத்தான் இருந்தேன்" என்றாள்.

ஜூலை 31

யாரோ என் கணினியில் கை வைத்திருக்கிறார்கள்.

காலையில் உலாவியைத் திறந்தால் வழக்கமான தேடல் பக்கத்தைக் காணோம். 'மின்னல் தேடல்' என்று எவனுடைய பக்கமோ வந்து நிற்கிறது. அதற்கு மேலே மஞ்சளாக ஒரு பட்டை: வானிலை, ராசிபலன், தள்ளுபடி. நான் கேட்கவில்லை. என் வீட்டு வாசலில் எவனோ கடை விரித்துக்கொண்டு, என்னையே கொஞ்சம் தள்ளி நில்லுங்கள் என்பதுபோல் இருக்கிறது.

இந்திராணியிடம் கேட்டேன். மதியம் நான் திருத்தப் படிகளை எடுத்துக்கொண்டு அச்சகத்துக்குப் போகும் நேரத்தில் அவள்தான் கணினி முன்னால் உட்காருவாள். பத்திரிகைகளில் வரும் உறவினர் பெயர்களையெல்லாம் அவள்தான் அடித்துத் தருவாள். தமிழ்த் தட்டச்சில் என்னைவிட வேகம்.

"என்னத்த அமுக்குன?"

"நான் ஒண்ணும் அமுக்கல."

"அப்ப இது தானா வந்துச்சா?"

கையிலிருந்த துடைப்பத்தை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். பதில் இல்லாதவர்கள் அப்படித்தான் போவார்கள்.

ஆகஸ்ட் 1

முகப்புப் பக்கத்தைப் பழையபடி மாற்றினேன். மூடித் திறந்தேன். மறுபடியும் மின்னல்.

ஆகஸ்ட் 3

இன்று பட்ட அவமானத்தை எழுதாமல் விட முடியாது.

பாளையம்பட்டியிலிருந்து பெண் வீட்டார் வந்திருந்தார்கள். பெண்ணின் அப்பா, பெரியப்பா, இரண்டு பெண்மணிகள். பத்திரிகையின் மாதிரியைத் திரையில் காட்டிக்கொண்டிருக்கிறேன். பிள்ளையார் படத்துக்குக் கீழே, வலது மூலையிலிருந்து சின்னப் பெட்டி ஒன்று டிங் என்று எழும்பியது. 'இல்லற வாழ்வில் தளர்ச்சியா?' அதற்குப் பக்கத்தில் ஒரு குதிரை.

மூடினேன். இன்னொன்று வந்தது. அதையும் மூடினால் திரை முழுக்கச் சிவப்பாகி, 'உங்கள் கணினியில் வைரஸ்! உடனே இந்த எண்ணை அழைக்கவும்' என்று ஊளையிட ஆரம்பித்தது. பெரியப்பா சொன்னார், "தம்பி, நீங்க சாவகாசமா முடிச்சு வைங்க, நாங்க நாளைக்கு வாரோம்." நாளைக்கு வரமாட்டார்கள். எனக்குத் தெரியாதா?

இருபது வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். என் திரையில் எது வர வேண்டும் என்று முடிவு செய்ய இவன் யார்? தெருவில் ஒருவன் என்னை நிறுத்தி இப்படிக் கேட்டிருந்தால் செருப்பைக் கழற்றியிருப்பேன். இவனுக்கு முகமே இல்லை. எதை அடிப்பது?

ஆகஸ்ட் 5

ஓசூரிலிருந்து சுபாஷினி பேசினாள். என் மகள் அங்கே ஒரு கம்பெனியில் கணினிப் பிரிவில் வேலை செய்கிறாள். எல்லாவற்றையும் சொன்னேன். சிரித்தாள். சிரிக்க இதில் என்ன இருக்கிறது?

"அப்பா, இது பிரவுசரக் கடத்துற வேலை. உங்க தேடலை அவன் பக்கத்துக்குத் திருப்பி விட்ருவான். நீங்க எதைத் தேடுனாலும் முதல்ல அவனுக்குக் காசு குடுத்தவன் விளம்பரம்தான் வரும். சும்மா வராது, ஏதாவது இலவச சாமானோட ஒட்டிக்கிட்டு வரும். புதுசா என்ன இறக்குனீங்க?"

"ஒண்ணும் இறக்கல" என்றேன். கொடை மலருக்காக இறக்கியது தொழிலுக்கான பொருள். அவள் கேட்டது அதை அல்ல.

"மூலையில வர்ற பெட்டி இருக்குல்ல, அது யாரோ 'அனுமதி'ன்னு அமுக்குனாத்தான் வரும். அம்மா ஏதாச்சும் அமுக்கிருக்குமோ?"

"அதத்தான் நானும் ஒரு வாரமா கேக்குறேன்."

"அம்மாவத் திட்டாதீங்க. ஞாயித்துக்கிழம எதாச்சும் ஒண்ணுல நானே உக்காந்து சொல்றேன். அதுவரைக்கும் எதையும் இறக்காதீங்க."

ஆகஸ்ட் 8

ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்க நான் என்ன சின்னப் பிள்ளையா? 'தேவையற்ற மென்பொருளை நீக்குவது எப்படி' என்று தேடினேன். முதல் வரியிலேயே 'கணினிக் காவலன்' என்று ஒன்று வந்தது. இலவசம். ஏற்றினேன். ஓடியது, ஓடியது, கடைசியில் ஆயிரத்துச் சொச்சம் கோளாறுகள் இருப்பதாகச் சொன்னது. சரி, நீக்கு என்றால், நீக்குவதற்குச் சந்தா கட்ட வேண்டுமாம்.

இப்போது மின்னலோடு காவலனும் சேர்ந்துகொண்டான். மணிக்கொரு தரம் எழுந்து என்னை எச்சரிக்கிறான். திருடனைப் பற்றிப் புகார் சொல்லப் போனால், அங்கே நாற்காலியில் உட்கார்ந்திருப்பவன் திருடனுடைய மச்சான்.

ஆகஸ்ட் 9

அமைப்புகள் பக்கத்தில் இப்படி ஒரு வரி: 'உங்கள் உலாவி உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது.'

எந்த நிறுவனம்? தனுஷ்கோடி டி.டி.பி. சென்டர் நான்தான். முதலாளி நான், தொழிலாளி நான், வாசல் தெளிப்பது இந்திராணி. எங்கள் இருவரையும் தவிர இங்கே நிர்வாகி எவன்?

ஆகஸ்ட் 12

மூலைப் பெட்டியில் குதிரை போய்விட்டது. இப்போது வருவது வேறு. 'கட்டி கரையும். கத்தி வேண்டாம். மருத்துவர் உங்களுக்காகக் காத்திருக்கிறார்.' வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவன் கையைக் கட்டிக்கொண்டு சிரிக்கிறான். காலையிலிருந்து ஏழெட்டு முறை.

"எவனுக்குடா இங்க கட்டி?" என்று திரையைப் பார்த்துக் கத்தினேன்.

திரும்பினால் இந்திராணி காபியோடு பின்னால் நிற்கிறாள். "கத்தாதீங்க. வாசல்ல ஆளு நிக்குது" என்றாள். வாசலில் யாரும் இல்லை.

ஆகஸ்ட் 16

கூரியரில் இந்திராணி பெயருக்கு ஒரு பெட்டி. மேலே 'மூலிகை அழகுப் பொருள்' என்று அச்சிட்டிருந்தது, அதுவும் மட்டமான எழுத்துருவில். அவள் ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். வந்ததும் கேட்டேன்.

"இது என்ன?"

"எனக்குத்தான்."

"அம்பது வயசுல முகத்துக்குப் பவுடரா? அந்த மூலையில வர்ற கண்டதையும் பாத்து வரவழைக்கிறியா? உன்னாலதான் கம்ப்யூட்டரே நாசமாப் போயிருக்கு."

சிரித்தாள். கோபித்துக்கொண்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். பெட்டியை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஆகஸ்ட் 20

நயினார் வீட்டுக் கல்யாணத்துக்கு நான் மட்டும் போனேன். எந்த ரவிக்கையும் கையில் ஏறவில்லை, இடது பக்கம் பிடிக்கிறது என்று இந்திராணி வரவில்லை. பத்திரிகையில் எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை என்று பந்தியில் நாலு பேர் சொன்னார்கள். அதையும் அவளிடம் வந்து சொன்னேன்.

ஆகஸ்ட் 23

ஒழிந்தது சனியன்!

காலை டிபன் முடிந்ததும் சுபாஷினி போனில் வந்தாள். மதியச் சாப்பாடு வரை உட்கார்ந்தோம். முதலில் கணினியில் ஏறியிருக்கும் மென்பொருள்களைத் தேதிப்படி அடுக்கச் சொன்னாள்.

"கடைசியா ஏறுனது என்ன?"

"காவலன்."

"இறக்காதீங்கன்னு சொன்னேன்ல? சரி, அதை எடுங்க. அதுக்கு முந்தி?"

"மின்னல் தேடல், தள்ளுபடித் தோழன், வானிலைப் பட்டை, அப்புறம்..."

"எல்லாம் ஒரே தேதியா?"

"ஜூலை இருபத்தொம்போது."

"அன்னைக்கு என்னப்பா நடந்துச்சு?"

"லைன் சரியாக் கேக்கல" என்றேன்.

ஒவ்வொன்றாக நீக்கினேன். சிலது போகமாட்டேன் என்று அழுதது, 'நிச்சயமாகவா? எங்களைப் பிரிய மனம் வருகிறதா?' என்று கண்ணீர்ப் பொம்மை போட்டுக் கேட்டது. வெட்கமில்லாதவர்கள். பிறகு உலாவிக்குள் போய் ஒட்டுண்ணி நீட்சிகளைப் பிடுங்கினேன். தேடலைப் பழையதற்கு மாற்றினேன். அப்புறமும் மின்னல் வந்தது. சுபாஷினி யோசித்து, திரை முகப்பில் இருக்கும் உலாவிக் குறுக்குவழியின் பண்புகளைத் திறந்து பார்க்கச் சொன்னாள். அங்கே உலாவியின் பெயருக்கு வாலாக மின்னலின் முகவரி ஒட்டிக்கொண்டிருந்தது. நான் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் நானே அவனை அழைத்து வந்திருக்கிறேன். வாலை வெட்டினேன். கணினி தொடங்கும்போது தானாக எழும் வேலைகளில் இன்னொருவன் ஒளிந்திருந்தான். அவனையும் முடித்தேன்.

கடைசியாக அறிவிப்பு அனுமதிகள். எந்தெந்தத் தளமெல்லாம் மூலையில் பெட்டி காட்டலாம் என்று அங்கே இருந்தது. பெயர்களைப் படிக்கவே அருவருப்பாக இருந்தது. படிக்காமல் எல்லாவற்றையும் துடைத்தேன். உலாவியின் பழைய வரலாறு, குக்கி எல்லாவற்றையும் சேர்த்துத் துடைத்தேன். கணினியோடு வரும் வைரஸ் தடுப்பை முழுதாக ஓடவிட்டு, கடவுச்சொற்களை மாற்றினேன். இனி எந்தத் தளமும் அறிவிப்பு காட்ட அனுமதியே கேட்க முடியாதபடி செய்துவிட்டேன்.

இந்த ஒரு மாதத்தில் இன்றுதான் சோறு ருசித்தது.

ஆகஸ்ட் 24

மாலையில் இந்திராணி வந்து நின்றாள்.

"ஏங்க, மூலையில ஒரு பெட்டி வருமே..."

"இனிமே வராது."

"எதுவுமே வராதா?"

"ஏன், வரணுமா?"

"இல்ல, அதுல ஒரு விவரம் கேட்டுக்கிட்டிருந்தேன். பதில் வரும்னு சொன்னாங்க."

எனக்கு வந்த ஆத்திரத்தில் என்னென்னவோ சொன்னேன். அது ஏமாற்றுக்காரர்களின் தூண்டில், அதில் போய் விவரம் கேட்பவள் எப்படிப்பட்ட மூடம், உன்னால் எனக்கு ஒரு மாத வேலை கெட்டது, பாளையம்பட்டிக்காரர்கள் போனது என்று. எல்லாவற்றையும் நின்று கேட்டாள்.

"சரி, விடுங்க" என்றாள்.

ஆகஸ்ட் 27

இந்திராணி குளித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய போன் விடாமல் அடித்தது. எடுத்தேன். ஓர் இளம்பெண்ணின் குரல், சர்க்கரைப் பாகு போல.

"இந்திராணி மேடமா? டாக்டர் கேக்கச் சொன்னாங்க. பொடி தீரப்போகுதுல்ல, அடுத்த மாசத்துக்கு அனுப்பலாமா? கட்டி அளவு குறைஞ்சிருக்கா மேடம்?"

"எந்தக் கட்டி?" என்றேன்.

"சார் யாரு?"

"எந்தக் கட்டி?"

வைத்துவிட்டாள்.

ஆகஸ்ட் 28

நேற்று எழுத முடியவில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

ஈரத் தலையோடு வெளியே வந்தவளிடம் போனை நீட்டினேன். எண்ணைப் பார்த்தாள். கட்டிலில் உட்கார்ந்தாள். இடது மார்பில், அக்குளுக்குப் பக்கத்தில் இருக்கிறது. என் கையை எடுத்து வைத்துக் காட்டினாள். வலியே இல்லையாம். கை மட்டும் மரத்துப்போகிறதாம்.

"எப்பருந்து?"

"வைகாசியிலருந்து."

"ஏன் சொல்லல?"

"சொல்லலாம்னுதான் வருவேன். நீங்க கம்ப்யூட்டரப் பாத்துக் கத்திக்கிட்டு இருப்பீங்க. சரி, கோவம் அடங்கட்டும்னு போயிருவேன்."

அவளுடைய அக்காவுக்கு இதே இடத்தில்தான் வந்தது. முற்றிய பிறகு ஆபரேஷன் செய்தார்கள். நான்கு மாதத்தில் போய்விட்டாள். கத்தி பட்டதால்தான் பரவியது என்று அவர்கள் வீட்டில் இன்றைக்கும் சொல்வார்கள். இந்திராணியும் அதைத்தான் நம்புகிறாள்.

"வைகாசியில ஒருநாள் தேடிப் பாத்தேன். எல்லாத்துலயும் டாக்டரப் பாரு, உடனே பாருன்னுதான் வந்துச்சு. பயந்து மூடிட்டேன். அப்புறம் மனசத் தேத்திக்கிட்டு, ஆடியில மறுபடி தேடுனேன். அதே வார்த்தையத்தான் அடிச்சேன். இந்தத் தடவ எல்லாத்துலயும் கத்தி வேண்டாம், கரைஞ்சிரும்னு வந்துச்சு. ரெண்டு மாசத்துல புது மருந்து கண்டுபிடிச்சிட்டாங்க போலன்னு நெனச்சேன். டாக்டர்கிட்டப் பேச 'அனுமதி'ய அமுக்கச் சொல்லுச்சு. அமுக்குனேன். அவங்க அவ்வளவு பொறுமையாப் பேசுனாங்க."

ஆடியில் எந்தத் தேதி என்று நான் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 31

மதுரை பெரிய ஆஸ்பத்திரி. மருத்துவர் ஒரு பெண்மணி. தொட்டுப் பார்த்ததும் முகத்தை மாற்றாமல் இருக்கப் பழகியவர். ஊசி வைத்துச் சதைத் துணுக்கு எடுத்தார்கள். பொடி டப்பாவைக் காட்டினேன். முகர்ந்து பார்த்துவிட்டு மூடினார்.

"இதுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. நிறுத்திருங்க."

"இதனாலதான் பெரிசாச்சா டாக்டர்?"

"பொடியால பெரிசாகலைங்க. பொடி இருக்குங்கிற தைரியத்துல வராம இருந்தாங்க பாருங்க, அதனால ஆயிருக்கு."

வெளியே நடைபாதையில் நின்று கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. காவலாளி வந்து தண்ணீர் பாட்டிலை நீட்டினார். இந்திராணி சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

செப்டம்பர் 3

சைபர் குற்றப் பிரிவுக்குப் போனேன். அங்கேயும் ஒரு பெண்மணிதான், உதவி ஆய்வாளர். பொறுமையாகக் கேட்டார்.

"பணம் எவ்வளவு போச்சு சார்?"

"பணம் பெரிசில்லம்மா. நாள் போச்சு. என் வீட்டுக்காரி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாள் போச்சு."

அவர் பேனாவை வைத்துவிட்டார். "புரியுது சார். ஆனா அத எங்க எழுதுறதுன்னு இதுல இடம் இல்ல. நான் தனியா எழுதிக்கிறேன். அந்தத் தளத்தோட முகவரி இருக்கா? பேசுனது ஏதாச்சும்?"

இல்லை. எல்லாவற்றையும் நானே துடைத்துவிட்டேன். படிக்காமல் துடைத்தேன்.

போன் எண்ணும் பெட்டியின் மேல்தாளும்தான் மிச்சம். மேல்தாளில் இருந்த முகவரியில் அப்படி ஒரு தெருவே கிடையாதாம். பொய்யான தெருவிலிருந்து பொய்யான டாக்டர், உண்மையான என் வாசலுக்குப் பெட்டி அனுப்பியிருக்கிறான். என்ன அக்கிரமம் இது? கேட்பாரே இல்லையா?

செப்டம்பர் 9

புற்றுதான்.

செப்டம்பர் 12

சுபாஷினி வந்துவிட்டாள். அம்மாவும் மகளும் அறைக்குள் வெகுநேரம் இருந்தார்கள். பிறகு சுபாஷினி முன்னறைக்கு வந்து, கணினி சரியாக இருக்கிறதா என்று பார்க்க உட்கார்ந்தாள். பதிவிறக்கங்கள் கோப்புறையைத் திறந்தாள். கொடை மலருக்காக இறக்கியது அங்கே தேதியோடு இருந்தது. அதைத் துடைக்க எனக்குத் தோன்றியிருக்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அம்மாகிட்ட சொல்லிட்டீங்களாப்பா?"

"எதை?" என்றேன்.

அவள் என்னைப் பார்க்காமல் கணினியை அணைத்தாள். எனக்குத் தட்டுக் கழுவும் வேலை இருந்தது. எழுந்து போய்விட்டேன்.

செப்டம்பர் 15

ஆபரேஷனுக்கு இந்திராணி ஒத்துக்கொள்ளவில்லை. மருத்துவர் படம் வரைந்து காட்டினார்; மகள் அழுதாள்; நான் கத்தினேன். எதற்கும் அசையவில்லை. அசைத்தவர் வேறு ஒருவர். வெளியே பெஞ்சில் கமுதியிலிருந்து மறு பரிசோதனைக்கு வந்த ஓர் அம்மாள், பெயர் காளீஸ்வரி, வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டே விசாரித்தார்.

"கத்தி வச்சா பரவிரும்னு யார் சொன்னா?"

"எங்கக்கா போயிருச்சுக்கா."

"உங்கக்கா எப்ப வந்தா? எந்திரிக்க முடியாமப் போன பெறகு வந்திருப்பா. வெள்ளம் வீட்டுக்குள்ள வந்த பெறகு கரையக் கட்டிட்டு, கரை கட்டுனதாலதான் வெள்ளம் வந்துச்சுன்னு சொல்லுவியா? இந்தா பாரு." இந்திராணியின் கையைப் பிடித்துத் தன் சேலைக்குள் வைத்துக்கொண்டார். "ஒண்ணுமில்ல, தட்டையா இருக்கா? எட்டு வருசம் ஆச்சு. இந்த வருசமும் நான்தான் மொளகா நட்டேன்."

பஸ்ஸில் வரும்போது, மதுரை தாண்டியதும், "தேதி வாங்கிருங்க" என்றாள்.

செப்டம்பர் 22

முடிந்தது. கண் விழித்துவிட்டாள். தண்ணீர் கேட்டாள், கொடுக்கக் கூடாதாம். வாயை நனைத்துவிட்டேன்.

செப்டம்பர் 27

வார்டுக்கு வெளியே என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மேலூர்க்காரர் போனில் டிங் என்று சத்தம். எட்டிப் பார்த்தேன். 'கட்டி கரையும். கத்தி வேண்டாம்.' அதே வெள்ளைக் கோட்டு. அதே சிரிப்பு.

போனைப் பிடுங்கிவிட்டேன். அவர் பதறி எழுந்தார். "யோவ், என்ன செய்யிற?" என்ன செய்கிறேன் என்று காட்டினேன். அந்தத் தளத்துக்கான அனுமதியை அவர் கண் முன்னாலேயே நீக்கினேன். அவருடைய மனைவிக்காக மகன் தேடினானாம். நாளைக்கு ஆபரேஷன், வீட்டுக்குப் போய்விடலாமா என்று காலையிலிருந்து யோசித்துக்கொண்டிருந்தாராம்.

அதற்குள் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். ஆளுக்கொரு போனை நீட்டினார்கள். உள்ளே வார்டிலிருந்தும் கூப்பிட்டார்கள். கட்டில் கட்டிலாகப் போய்ச் சொன்னேன். "மேல வர்ற முதல் வரி விளம்பரம், பாத்ததும் நம்பாதீங்க. அனுமதி கேட்டா 'தடு'ன்னு அமுக்குங்க. இலவசம்னு கண்டதையும் ஏத்தாதீங்க. ஏத்தித்தான் ஆகணும்னா, அடுத்து, அடுத்துன்னு கண்ண மூடிக்கிட்டு அமுக்காம, கூட என்னென்ன ஏறுதுன்னு படிச்சுப் பாருங்க. அங்கதான் ஒட்டிக்கிட்டு வருவானுங்க."

பேசிக்கொண்டே திரும்பினேன். கட்டிலில் சாய்ந்திருந்த இந்திராணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

"தொண்ட வறண்டிரும், தண்ணி குடிங்க" என்றாள்.

அக்டோபர் 8

வீட்டுக்கு வந்து ஒரு வாரம் ஆகிறது. ஐப்பசியில் மருந்து ஏற்ற ஆரம்பிப்பார்கள். முடி கொட்டுமாம். "கொட்டட்டும், பேன் பாக்குற வேலை மிச்சம்" என்கிறாள்.

காலையில் அவள் போன் அடித்தது. நான் பக்கத்தில்தான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். ஸ்பீக்கரில் போட்டாள். அதே சர்க்கரைப் பாகு.

"இந்திராணி மேடம், கோர்ஸப் பாதியில விட்டுட்டீங்களே. டாக்டர் ரொம்ப வருத்தப்பட்டாங்க."

போனைப் பிடுங்கப் போனேன். இந்திராணி நல்ல கையால் அதை அந்தப் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.

"ஆபரேஷன் பண்ணி எடுத்தாச்சும்மா" என்றாள்.

மறுமுனையில் அந்தப் பெண்ணுக்குப் பின்னால் வேறு குரல்கள் கேட்டன. பல பெண்கள், ஒரே அறையில், ஒரே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்: கரைஞ்சிரும் மேடம், கரைஞ்சிரும் மேடம்.

"உன் பேரு என்னம்மா?"

"அதெல்லாம் சொல்லக் கூடாது மேடம்."

"அந்த டாக்டர நீ பாத்திருக்கியா?"

காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

"உன் குரல் நல்லாருந்துச்சு. எங்க வீட்டுல எல்லாரும் கோவமாப் பேசிக்கிட்டிருந்த நேரம். நீதான் சாப்டீங்களா, தூங்குனீங்களான்னு கேட்ட. அதுக்காகவே நம்புனேன். எனக்கு இன்னும் ஆறிக்கிட்டிருக்கு, கைய மேல தூக்க முடியல. நான் பொழைச்சிருவேன்னுதான் சொல்றாங்க. இந்தப் போன வச்சிட்டு அடுத்து யாருக்குப் பேசப்போற?"

"லிஸ்ட் குடுத்திருக்காங்க மேடம்."

"அவங்க கிட்டயும் கரையும்னுதான் சொல்லுவியா?"

இந்திராணியை இவ்வளவு கோபமாக நான் பார்த்ததில்லை. ஆனால் ஒரு வார்த்தையில்கூடக் குரல் உயரவில்லை. அந்தப் பெண் வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை. வாயைக் கையால் மூடிக்கொண்டு பேசுவதுபோல் மெல்லச் சொன்னாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்றேம்மா."

அப்புறம்தான் வைத்தாள்.

அக்டோபர் 10

அந்த எண் இப்போது உபயோகத்தில் இல்லை. உதவி ஆய்வாளரே கூப்பிட்டுச் சொன்னார். "புது நம்பர்ல, புதுப் பேர்ல ஆரம்பிச்சிருப்பாங்க சார். விடமாட்டோம், பாத்துக்கிட்டுத்தான் இருக்கோம்."

இந்திராணியிடம் சொன்னேன். "அந்தப் பொண்ணு வேலைய விட்டிருப்பா" என்றாள். அவள் நம்பட்டும்.

எனக்கு அந்த அளவுக்கு நல்ல மனசு இல்லை. வேறு பெயரில், வேறு வெள்ளைக் கோட்டில், இந்நேரம் இன்னொரு திரையின் மூலையில் எழும்பியிருப்பான். ஏதோ ஓர் ஊரில் ஒருத்தி அறைக் கதவைச் சாத்திவிட்டு, யாரிடமும் சொல்லாததை ஒவ்வோர் எழுத்தாகத் தட்டிக்கொண்டிருப்பாள். முன்னறையில் அவள் புருஷன் எதையோ பார்த்துக் கத்திக்கொண்டிருப்பான்.